பழைய உழவு மெசின் வாங்கக்குள்ள வித்தவர் சொன்னதுல எது ஒப்பந்தம், எது வெறும் பேச்சு?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கிச் சொல்லிடுறன், வாசிக்கிற மத்த ஆக்களுக்கும் விளங்கணுமே. நீங்க வெல்லாவெளிப் பக்கம். அக்கரைப்பற்றுல ஒரு ஆளுக்கிட்ட 18 லட்சத்துக்கு பழைய உழவு மெசின் ஒண்டு வாங்கியிரிக்கீங்க. ஆள் வியாபாரி இல்ல, சொந்த வெள்ளாமைக்கு வெச்சிரிந்தவர். விக்கக்குள்ள அவர் சொன்னது: இப்படி ஒரு மெசின் அம்பாறை மாவட்டத்துலேயே கிடைக்காது, 2012 மொடல், எஞ்சின் இதுவரைக்கும் பிரிச்சதே இல்ல, பெரும்போகத்துல கூலி உழவுக்கு விட்டாலே 5 லட்சம் உழைக்கலாம், பின் டயர் ரெண்டும் புதுசு போட்டுத் தருவன். மறுகா முத்திரை ஒட்டி எழுதின கடிதத்துல விலை, எஞ்சின் நம்பர், சேசி நம்பர், "இருக்கிற நிலையில் பெற்றுக்கொண்டேன்" எண்ட ஒரு வசனம், அவ்வளவுதான். மூணு கிழமையில மெசின் புகை தள்ள, மெக்கானிக் பிரிச்சிப் பார்த்துட்டு இது முந்தியே பிரிச்சி போரிங் பண்ணின, அதாவது தேஞ்ச சிலிண்டரக் கடைஞ்சி எடுத்த எஞ்சின் எண்டு சொல்லிட்டார். மெசின்ட பதிவுப் புக்குல 2012 எண்டு இரிந்தாலும் சேசி நம்பர வெச்சிப் பார்த்தா 2006. டயரும் வரல்ல. மெசினத் திருப்பிக் குடுத்துட்டு காச வாங்க ஏலுமா, இதுதான் கேள்வி.

பதில் ஒரு வசனத்துல வராது, ஏனெண்டா அவர் சொன்னது ஒவ்வொண்டும் ஒவ்வொரு சாதி. சட்டம் அவர் என்ன சொன்னார் எண்டத மட்டும் பார்க்காது. எப்ப சொன்னார், உங்க ரெண்டு பேருல விசயம் தெரிஞ்ச ஆள் யார், அது பொய்யெண்டு முன்னமே தெரிஞ்சிரிந்தா நீங்க வாங்கியிரிப்பீங்களா, இந்த மூணையும் பார்த்துத்தான் எந்தச் சாதி எண்டு முடிவு பண்ணும். அதுக்கேத்த மாதிரித்தான் உங்களுக்கு என்ன கிடைக்கும் எண்டதும் மாறும்.

ஒரு அடிப்படை விசயம். நம்ம நாட்டுல பொதுவா ஒப்பந்தத்துக்கு ஒல்லாந்தர் காலத்துல வந்த ரோமன் டச்சுச் சட்டம், ஆனா அசையும் சாமான் விக்கிற வாங்குற விசயத்துக்கு 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தனியா இரிக்கு. அது இங்கிலாந்துல 1893ல வந்த சட்டத்தப் பார்த்து எழுதினது, தன்னில இல்லாத இடத்துக்கு இங்கிலாந்துச் சட்டத்தப் பார்க்கச் சொல்லி அதுவே சொல்லுது. அதனாலதான் அக்கரைப்பற்று மெசினுக்கு நான் கீழ லண்டன் வழக்கெல்லாம் இழுக்கிறன், ஷோ காட்டுறதுக்கு இல்ல.

"இப்படி ஒரு மெசின் கிடைக்காது" எண்டத முதல்ல தூக்கி வெச்சிடுங்க. அது விளம்பரப் பேச்சு, யாவாரத்துல எல்லாரும் சொல்றது, காத்தான்குடிக் கடையில "இந்த விலைக்கு எங்கயும் எடுக்க ஏலாது" எண்டு சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல, புத்தியுள்ள ஆள் யாரும் அத நம்பி காசு எண்ண மாட்டான் எண்டு சட்டம் நினைக்குது. ஆனா விளம்பரம் எண்டாலே தப்பிச்சிடலாம் எண்டும் இல்ல. 1893ல கார்லில் வழக்குல ஒரு கம்பனி, எங்கட புகை உருண்டைய பாவிச்சும் இன்புளுவென்சா வந்தா 100 பவுண் தாறம் எண்டு பேப்பர்ல போட்டு, அதுக்காக பேங்குல 1000 பவுண் வெச்சிரிக்கம் எண்டும் எழுதிச்சி. பாவிச்ச அம்மாவுக்கு வருத்தம் வந்திச்சி. மறுகா கம்பனி "சும்மா விளம்பரந்தானே" எண்டு சொல்லிப் பார்த்திச்சி, கோர்ட் விடல்ல. பேங்குல காசு வெச்சிரிக்கம் எண்டு சொன்ன ஆள் பகிடிக்குச் சொல்லல்ல எண்டு முடிவு. தொகையும் திகதியும் குறிப்பான வாக்கும் வந்தா பேச்சு கனமாகும், இத மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க.

அடுத்தது "5 லட்சம் உழைக்கலாம்". இது அபிப்பிராயம். இதுக்குப் பேர்போன வழக்கு 1927ல நியூசிலாந்துல இரிந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (அப்ப அங்கத்த கடைசி மேன்முறையீட்டு இடம்) போன பிசெட் எதிர் வில்கின்சன். காணி வித்தவர் இதுல 2000 செம்மறி மேய்க்கலாம் எண்டு சொன்னார், ஏலாமப் போயிட்டு. ஆனா அந்தக் காணியில அதுக்கு முன்ன அவர் முறையா செம்மறிப் பண்ண நடத்தினதே இல்ல, அது வாங்கினவருக்கும் தெரியும், அதனால அது அவர்ர கணிப்பு மட்டுந்தான் எண்டு விட்டுட்டாங்க. இதுல ஒரு கிறுக்கம் இரிக்கு பாருங்க. விசயம் முழுக்கத் தெரிஞ்ச ஆள் அபிப்பிராயம் மாதிரி ஒண்டச் சொன்னா, அதுக்கு ஆதாரம் தன்ர கையில இரிக்கு எண்டும் சேர்த்துத்தான் சொல்றார். 1884ல ஒரு ஹோட்டல விக்கக்குள்ள "மிக விரும்பத்தக்க குத்தகைக்காரர்" இரிக்கார் எண்டு சொல்லி வித்தாங்க, அந்த ஆளோ வாடகை ஒழுங்காக் கட்டாத ஆள், அது வித்தவருக்கு நல்லாத் தெரியும். கோர்ட் அத அபிப்பிராயம் எண்டு ஏத்துக்கல்ல. உங்கட ஆள் போன போகம் மெசினக் கூலிக்கு விட்டு 2 லட்சம்தான் எடுத்தார் எண்டு நீங்க காட்டினா இந்த 5 லட்சக் கதையும் வேற மாதிரி ஆகிடும். காட்ட ஏலாதெண்டா இதுல நேரம் செலவழிக்காதீங்க.

இப்ப கனமான ரெண்டு விசயத்துக்கு வாறன், மொடலும் எஞ்சினும். ரெண்டும் பொய்தானே, ஒண்டாத்தானே பார்க்கணும் எண்டு நினைப்பீங்க. இல்ல.

ஒருத்தர் உண்மைத் தகவல் எண்டு சொல்லி உங்கள ஒப்பந்தத்துக்குள்ள கொண்டுவந்தா அது எடுத்துரைப்பு. அது ஒப்பந்தத்துக்கு வெளியால, வாசலோட நிக்கிறது. பொய்யாப் போனா பிழையான எடுத்துரைப்பு எண்டு சொல்லி ஒப்பந்தத்த உடைக்கக் கேக்கலாம், வேணுமெண்டே பொய் சொன்னா மோசடி எண்டு நட்டஈடும் கேக்கலாம். ஆனா அவர் அத "இதுக்கு நான் பொறுப்பு" எண்ட தோரணையில சொல்லியிரிந்தா அது ஒப்பந்தத்துக்குள்ளயே வந்து நிபந்தனையாகிடும், மறுகா அவருக்கு அது பொய்யெண்டு தெரியுமா தெரியாதா எண்ட கேள்வியே தேவையில்ல, மீறினா மீறினதுதான்.

மொடல் விசயத்துல உங்கட கதை 1957ல நடந்த ஒஸ்கார் செஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கு மாதிரியே இரிக்கு. சாதாரண ஆள் ஒருத்தர் தன்ர மோரிஸ் காரக் குடுத்து வேற கார் எடுக்கப் போறார், புக்குல 1948 மொடல், அவரும் அதைத்தான் சொன்னார், கார்க் கடைக்காரன் 290 பவுண் கணக்குல எடுத்தான். பிறகு பார்த்தா 1939. யாரோ முந்தி புக்குல கை வெச்சிரிக்கான். கோர்ட் சொன்னது, வித்த ஆளுக்கு கார் விசயம் தெரியாது, புக்க நம்பித்தான் சொன்னார், தெரிஞ்சிரிக்க வேண்டியவன் கடைக்காரன், அதனால அது ஒப்பந்த நிபந்தனை இல்ல. மறுபக்கம் 1965ல டிக் பென்ட்லி வழக்குல, எஞ்சின் மாத்தின பிறகு 20,000 மைல்தான் ஓடியிரிக்கு எண்டு சொன்னது கார் யாவாரியே, உண்மையில 100,000 கிட்ட ஓடியிரிந்திச்சி, அங்க அது நிபந்தனைதான் எண்டு முடிவு. சொன்ன விசயம் கிட்டத்தட்ட ஒண்டுதான், சொன்ன வாய் வேற. உங்கட ஆளும் புக்கப் பார்த்துத்தான் 2012 எண்டு சொன்னார் எண்டா மொடல வெச்சி அவர இறுக்கிப் பிடிக்கிறது கஷ்டம். ஏமாத்தாமச் சொன்ன பிழையான எடுத்துரைப்பு எண்ட அளவுல நிக்கும்.

எஞ்சின் அப்படி இல்ல. சொந்த மெசின், அதுட எஞ்சினப் பிரிச்சிதா இல்லையா எண்டு அவரவிட வேற யாருக்குத் தெரியும்? இன்னொண்டு, நீங்க எழுதினதுல ஒரு வரி எனக்கு மிச்சம் முக்கியமாப் பட்டிச்சி: விலை கதைக்க முன்ன நீங்களே அவருக்கிட்ட "எஞ்சின் பிரிச்சதெண்டா எனக்கு வேணாம் காக்கா, நான் திரும்பிப் போறன்" எண்டு சொன்னதாவும், மெக்கானிக்கக் கூட்டிட்டு வரவா எண்டு கேட்டதுக்கு அவர் "தேவையில்ல, என்ன நம்புங்க" எண்டு சொன்னதாவும். இது சோக்கான ரெண்டு பிடி. 1861ல பனர்மன் எதிர் வைட் வழக்குல, பியருக்குப் போடுற ஹொப்ஸ் வாங்க வந்தவர், கந்தகம் போட்டதெண்டா விலையே கேக்க மாட்டன் எண்டார். இல்ல எண்டு சொல்லி வித்தாங்க, ஆனா போட்டிரிந்திச்சி. அது ஒப்பந்தத்துட ஆணிவேர் எண்டு கோர்ட் ஏத்துக்கிட்டிச்சி. 1913ல ஷாவெல் எதிர் ரீட் வழக்குல குதிரையப் பரிசோதிச்சிட்டு நின்ற ஆளுக்கிட்ட, ஒண்டும் பார்க்கத் தேவையில்ல, பிழை இரிந்தா நானே சொல்லியிரிப்பன் எண்டு வித்தவர் சொல்ல, அதுவும் உள்ள வந்திட்டு. நேர் எதிரா 1947ல ஈக்கே எதிர் கொட்ஃப்ரி எண்டு ஒரு போட் வழக்கு. போட் நல்லதுதான், ஆனா நீங்க ஆளக் கூப்பிட்டுப் பார்த்துக்கங்க எண்டு வித்தவரே சொல்லியிரிந்தார், அதனால அவர் பொறுப்பேத்துக்கல்ல எண்டு முடிவு. வாழைச்சேனையில போட் வாங்குற ஆக்கள் இத யோசிச்சிப் பாருங்க. "பார்த்துக்கங்க" எண்டு சொல்ற ஆள் உங்களுக்கு மரியாதைக்குச் சொல்லல்ல, தன்ர தலையில இரிந்து பாரத்த இறக்கி வெக்கிறார்.

சரி, எஞ்சின் விசயம் நிபந்தனைதான் எண்டு வெப்பம். அதுலயும் எந்த வகை? பெரிய நிபந்தனைய கண்டிசன் எண்டும் சின்னத வாரண்டி எண்டும் சட்டத்துல பிரிக்கிறாங்க. இந்த வாரண்டி கடையில போன் வாங்கக்குள்ள தாற ஒரு வருச கார்ட் இல்ல. கண்டிசன் மீறினா ஒப்பந்தத்தையே தள்ளிட்டு நட்டமும் கேக்கலாம், வாரண்டி மீறினா ஒப்பந்தம் நிக்கும், நட்டம் மட்டும் கேக்கலாம். இதுக்கு 1876ல ஒரே வருசம் வந்த ரெண்டு பாட்டுக்காரர் வழக்க எல்லாரும் சொல்வாங்க. ஒரு அம்மா வருத்தத்தால முதல் நாள் மேடைக்கே வரல்ல, அவவ விலக்கினது சரி. இன்னொருத்தர் ஒத்திகை நாலஞ்சு நாளத் தவற விட்டுட்டு பாட வேண்டிய நாளுக்கு முன்னமே வந்து நிண்டார், அவர விலக்கினது பிழை. கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் பிடிச்ச மேளக் குழு தேரண்டைக்கு வராம விட்டா ஒரு கதை, பட்டுச் சால்வை போடாம வந்தா வேற கதை. உங்கட பின் டயர் ரெண்டும் இந்த ரெண்டாவது வகைதான். டயர் தரல்ல எண்டு மெசினத் திருப்பிக் குடுக்க ஏலாது, டயர்ட விலைய வாங்கலாம்.

இந்த ரெண்டுக்குள்ளயும் அடங்காத மூணாவது ஒண்டும் இரிக்கு, எனக்கு இதுதான் நியாயமான பிரிவு எண்டு படுது. 1962ல ஹொங்கொங் ஃபிர் கப்பல் வழக்குல வந்தது. 24 மாசத்துக்கு வாடகைக்கு எடுத்த கப்பல், எஞ்சின் பழசு, அத ஓட்டுற ஆக்களும் சரியில்ல, ஒரு 20 கிழமை வேலை செய்யாமக் கிடந்திச்சி. எடுத்தவங்க ஒப்பந்தத்த முறிச்சிட்டாங்க. கோர்ட் முறிச்சது பிழை எண்டிச்சி. கப்பல் கடலுக்குத் தகுதியா இரிக்கணும் எண்ட நிபந்தனைய ஒரு ஆணி குறைஞ்சாலும் மீறலாம், கப்பலே தாழ்ற அளவுக்கும் மீறலாம், அதனால முதல்லயே பேர் வெக்காம, மீறினதால என்ன நடந்திச்சி எண்டு பார்த்து முடிவெடுக்கணும் எண்டாங்க. வெட்டு மெசின் பேசி வெச்ச ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். மெசின் ஒரு நாள் பிந்தி வந்தா நீங்க வேற மெசினக் கூப்பிட்டு இவன வெளியில போகச் சொல்ல ஏலாது. ஆனா ரெண்டு கிழமை பிந்தி, அதுக்குள்ள மழை பெஞ்சி கதிரெல்லாம் சாஞ்சி வட்டையில தண்ணி நிண்டா, அதே "பிந்தினது" ஒப்பந்தத்தையே முடிச்சிடும். பேப்பர்ல கண்டிசன் எண்டு எழுதினாலும் அது எப்பவும் கண்டிசன் ஆகாது எண்டு 1974ல ஷூலர் எதிர் விக்மன் வழக்குலயும் சொல்லிட்டாங்க, கிழமைக்கு ஒருக்கா ஆறு கம்பனியப் போய்ப் பார்க்கணும் எண்டு எழுதியிரிந்த ஒப்பந்தம், ஒரு நாள் தவறினதுக்கு எல்லாத்தையும் உடைக்க விட்டா நியாயமா எண்டு கேட்டு.

இப்ப உங்களுக்குக் கசப்பான இடம். எஞ்சின் விசயம் கண்டிசன் எண்டே நிரூபிச்சாலும், 1896ஆம் ஆண்டுச் சட்டத்துட 12ஆம் பிரிவு குறுக்க நிக்குது. நீங்க சாமான ஏத்துக்கிட்டா, இல்லாட்டி இன்ன மெசின் எண்டு குறிச்சி வாங்கி அதுட உரிமை உங்களுக்கு மாறிட்டா, ஒப்பந்தத்துல வேற மாதிரிச் சொல்லியிரிந்தாலேயொழிய, கண்டிசன் மீறினதையும் வாரண்டி மீறின மாதிரித்தான் பார்க்கணும். அதாவது திருப்பிக் குடுக்க ஏலாது, நட்டம் மட்டும். இந்தப் பிரிவு வாங்குற ஆளுக்கு மிச்சம் கடுமையானது, இங்கிலாந்துக்காரனே தன்ர சட்டத்துல பிறகு இத இளக்கிட்டான். அதனால உங்கட சட்டத்தரணி மெசினத் திருப்பிக் குடுக்கிற வழி தேடுறாரெண்டா, நிபந்தனை மீறல் எண்டு போகாம மோசடியாப் பொய் சொல்லி ஒப்பந்தத்துக்குள்ள இழுத்தார் எண்டுதான் போவார். போரிங் பண்ணினது அவர்ர காலத்துலயா, அதுக்கு முந்தின ஆள்ட காலத்துலயா எண்டு கண்டுபிடிங்க, வழக்கே அதுல தொங்குது. அவர் காலத்துல பண்ணின கராஜ்காரர் ஒருத்தர் வந்து சொன்னாரெண்டா மோசடி நிக்கும். இல்லாட்டி எஞ்சின் வாக்க மீறினதுக்கு நட்டம், அதாவது அவர் சொன்ன மாதிரி மெசின் இரிந்தா என்ன பெறுமதி, இப்ப இரிக்கிற மெசின் என்ன பெறுமதி, அந்த வித்தியாசம்.

யாரும் வாய் திறக்காமலே ஒப்பந்தத்துக்குள்ள வந்து குந்துற நிபந்தனையும் இரிக்கு. விக்கிற உரிமை வித்தவருக்கு இரிக்கணும், சொன்ன விவரத்தோட சாமான் ஒத்துப் போகணும், மாதிரி காட்டி வித்தா மாதிரிக்கும் மொத்தத்துக்கும் வித்தியாசம் இரிக்கப்படாது, இது மூணும் 13, 14, 16ஆம் பிரிவுகள். பி.ஜி. 94-1 விதை நெல் எண்டு வாங்கி விதைச்சி, முளைச்சது வேற இனம் எண்டா நெல்லு நல்ல நெல்லுதான் எண்டு சொல்லி வித்தவர் தப்ப ஏலாது. மருதமுனையில ஒரு சாரத்தக் காட்டி 200 சாரத்துக்கு ஓடர் எடுத்தா, 200ம் அந்த நெசவுல, அந்தச் சாயத்துல இரிக்கணும். ஆனா தரம் பத்தின 15ஆம் பிரிவு வேற. பொதுவா வாங்குறவன்தான் பார்த்து வாங்கணும், விதிவிலக்கு என்னெண்டா அந்தச் சாமான விக்கிறதையே தொழிலாச் செய்ற ஆளுக்கிட்ட வாங்கினா தரத்துக்கு அவர் பொறுப்பு, அதுலயும் நீங்க பரிசோதிச்சிப் பார்த்துட்டு வாங்கினா, அந்தப் பரிசோதனையில தெரிஞ்சிரிக்க வேண்டிய பிழைக்கு அவர் பொறுப்பில்ல. உங்கட ஆள் வெள்ளாமைக்காரர், மெசின் யாவாரி இல்ல. அதனால 15ஆம் பிரிவு உங்களுக்கு உதவாது. வாகனம் வாங்கி விக்கிற சேல் கடையில எடுத்திரிந்தா கதையே மாறியிரிக்கும்.

ஊர் வழக்கமும் இப்படி உள்ள வரும். 1836ல ஹட்டன் எதிர் வாரன் வழக்குல, குத்தகை முடிஞ்சி போற விவசாயிக்கு அவன் போட்ட விதைக்கும் வேலைக்கும் காசு குடுக்கிறது அந்தப் பகுதி வழக்கம் எண்டு சொல்லி, பேப்பர்ல இல்லாட்டியும் குடுக்க வெச்சாங்க. நம்ம பக்கம் வாய்க்கால் வெட்டுறது யார்ர செலவு, வயல், தண்ணி விசயம் பார்க்கிற வட்டவிதானைக்கு நெல்லு குடுக்கிறது காணிக்காரப் போடியாரா, வெள்ளாமை செய்றவரா எண்டதெல்லாம் பேப்பர்ல எழுதாமலே நடக்கிறது.

எழுதின கடிதத்துக்கு வாறன். சாட்சியக் கட்டளைச் சட்டம், 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கம், 91, 92ஆம் பிரிவுகள்: ஒப்பந்தத்த எழுத்துல போட்டா அதுக்கு மாறா வாயால சொன்னதக் காட்ட ஏலாது. ஆனா கதவு முழுக்கப் பூட்டல்ல. மோசடியக் காட்டலாம், பேப்பர் ஒண்டுமே சொல்லாத விசயத்துல அதுக்கு முரணில்லாத தனி வாய்ப்பேச்சக் காட்டலாம், வழக்கத்தக் காட்டலாம். டயர் பத்திக் கடிதம் ஒண்டும் சொல்லல்ல, அதால டயர் வாக்கு உள்ள வரும். எஞ்சின் வாக்குக்கு எதிரா "இருக்கிற நிலையில்" எண்டத அவர் தூக்கிப் பிடிப்பார், அதுக்குப் பதில் மோசடி: தான் சொன்ன பொய்ய தன்ர பேப்பராலயே மூட யாருக்கும் ஏலாது.

கையெழுத்து விசயத்துல எல்லாருக்கும் ஒண்டு. 1934ல லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிராகொப் வழக்குல, சிகரெட் மெசின் வாங்கின அம்மா பொடி எழுத்து வாசிக்காம கையெழுத்து வெச்சி, வாசிக்கல்ல எண்டது உதவாமப் போயிட்டு. லீசிங் போம் வாசிக்காம கையெழுத்து வெக்கிற நம்ம ஆக்கள் எல்லாரும் அந்த அம்மாதான். ஆனா 1951ல கேர்ட்டிஸ் வழக்குல, கல்யாண உடுப்பு கழுவக் குடுத்த பிள்ளைக்கிட்ட கடைக்காரி "மணிக்கும் ஜிகினாவுக்கும் மட்டுந்தான் நாங்க பொறுப்பில்ல" எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினா, பேப்பர்ல எதுக்குமே பொறுப்பில்ல எண்டு இரிந்திச்சி, உடுப்பு கறை பட்டு வந்திச்சி. விளக்கம் பிழையாச் சொன்னதால அந்தப் பாதுகாப்பு போயிட்டு. போம் நிரப்புற தம்பி "சும்மா ஒரு பார்மலிட்டி" எண்டு என்ன சொன்னான் எண்டத குறிச்சி வெச்சிக்கங்க. மோட்டார்சைக்கிள் விடுற இடத்துல "தொலைந்தால் பொறுப்பல்ல" எண்டு துண்டுக்குப் பின்னால அச்சடிச்சிரிக்குமே, அதுக்கு 1971ல தோர்ண்டன் வழக்கு: டிக்கட் கைக்கு வந்த பிறகு தெரிய வாற நிபந்தனை பிந்திட்டு, கட்டாது. நம்ம நாட்டுலயும் 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இரிக்கு, கவனக்குறைவால உயிரோ உடம்போ போறதுக்குப் பொறுப்பில்ல எண்டு எவரும் எழுதித் தப்ப ஏலாது, மத்த நட்டத்துக்கு நியாயமானதா எண்டு பார்ப்பாங்க.

காணிக்கு இந்தக் கதை ஒண்டும் பொருந்தாது, அதையும் இதையும் குழப்பாதீங்க. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்துட 2ஆம் பிரிவுப்படி நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் ஒண்டா நிண்டு எழுதாத காணிப் பேச்சு சட்டத்துல செல்லாது. வாய்ப்பேச்சுல அட்வான்ஸ் குடுத்தா காணியக் கேக்க ஏலாது, காசத் திருப்பிக் கேக்கலாம்.

இனி நீங்க செய்ய வேண்டியது. மெசின உழவுக்கு விடுறத இண்டைக்கே நிப்பாட்டுங்க, பிழை தெரிஞ்ச பிறகும் ஓட்டினா ஏத்துக்கிட்டீங்க எண்டு சொல்வாங்க. எஞ்சினப் பூட்ட விடாம போட்டோ எடுத்து, மெக்கானிக்கிட்ட எழுத்துல ஒரு அறிக்கை வாங்குங்க. அவரோட வட்சப்புல கதைச்ச வொய்ஸ் எதையும் அழிக்காதீங்க, ஒலிப்பதிவ சாட்சியா எடுக்கிறதுக்கு 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டம் இரிக்கு, ஆனா மறுபக்கத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கணும், அத சட்டத்தரணி பார்த்துக்குவார். எஞ்சின், டயர் ரெண்டையும் தனித்தனியா எழுதி பதிவுத் தபால்ல ஒரு கடிதம் போடுங்க, மொடலையும் ஒரு வரியில சேருங்க. கோர்ட்டுக்கு முன்ன இணக்கம் பேசுற மத்தியஸ்த சபைக்குப் போற அளவு தொகையா எண்டு சட்டத்தரணிக்கிட்ட கேளுங்க. எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருசம், வாய் ஒப்பந்தத்துக்கு 3 வருசம், உங்கடது பாதி எழுத்து பாதி வாய் எண்டதால 3 வருசம்தான் எண்டு நினைச்சி ஓடுங்க. அந்தப் போரிங் எங்க நடந்திச்சி எண்டு அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் கராஜ்கள்ல விசாரிக்கிறது மட்டும் பிந்தாதீங்க.